முகமும் காமிராவும்

தமிழ்நாட்டின் பழைய இல்லங்களில் கூடத்துச் சுவரை அண்ணாந்து நோக்குவோர், அங்கே வரிசையாகத் தொங்கும் முன்னோர் உருவப்படங்களைக் காண்பர். பெரியவர் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். இரு கைகளும் முழங்கால்மீது படிந்திருக்கும். அவர் மனைவியார் நாற்காலியின் முதுகைப் பற்றியவாறு அருகே நிற்பார். இருவர் விழிகளும் அகல விரிந்து எதிரே நோக்கும். உதட்டிலே புன்னகையின் சாயலும் இராது. அப்படத்தைப் பார்க்கும் பேரக் குழந்தைகள், "தாத்தா சிரிக்கவே மாட்டாரா?" என்று கேட்பதுண்டு. "அவரா! அவர் இருந்த இடத்தில் சிரிப்புக்குக் குறைவே இராதே!" என்று பாட்டியார் விடை கூறுவார். அவ்வாறாயின், அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று?

அது போன வழியை அறியப் புகைப்படக் கலை தோன்றிய காலத்துக்குச் செல்லல் வேண்டும். 1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், டாகேர் என்பார் கண்ட முறை பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பெற்றது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டினை அயோடின் ஆவியில் காட்டிக் காமிராவினுள் வைத்து ஒளி படச் செய்வர். பின்னர்ப் பாதரச ஆவியினால் உருவத்தை வெளிப்படுத்துவர். அத்தகட்டுக்கு ஒளியை ஏற்கும் ஆற்றல் மிகக் குறைவு. நல்ல வெயிலிலும் பல நிமிடங்கள் ஒளி பட வேண்டியிருந்தது. மரமும் மாளிகையும் அத்தனை நேரம் அசையாமல் நிற்கும், மனிதன் நிற்பானா? ஆதலின், அமர்ந்திருப்பவரின் பிடரிக்குப் பின்னே இரும்புக் கவை ஒன்றை நிறுத்தித் தலையை அசையாமல் தாங்கி வைத்தனர். கவை படத்தில் தெரியாது. அது தந்த விறைப்போ மறையாது. கைக்குழந்தையைப் படமெடுக்கும்போது, தாயின்மேல் துணியைப் போர்த்து, அவளையே ஒரு நாற்காலி போலாக்கி, அவள் மடியில் குழந்தையை இருத்தியதும் உண்டு. புன்னகையைப் பல நிமிடங்கள் தாங்கி நிற்க எந்த முகத்தாலும் இயலாது. சில நொடிகளில் அது தளர்ந்துவிடும். தளர்ந்த பின் அது சிரிப்போ அழுகையோ என்ற ஐயம் தோன்றும். எனவே, இதழ்களை மூடிக்கொண்டு அமர்வதே பாதுகாப்பு என்று அக்காலத்தவர் கண்டனர்.

1840ஆம் ஆண்டில் வியன்னா நகரில் பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர், மிகுந்த ஒளியை உள்ளே விடும் வில்லை ஒன்றைக் கணக்கிட்டு அமைத்தார். அதனால் ஒளிபடும் நேரம் வெகுவாகக் குறைந்தது. 1871இல் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தகட்டு முறைக்கு வழி காட்டினார். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அம்முறை செம்மையுற்று, ஒரு நொடியின் சிறு கூறே போதும் என்னும் நிலை வந்தது. இரும்புக் கவை மூலையில் கிடந்து துருவேறியது. ஆயினும் வியப்பு என்னவெனில், விறைப்பு மட்டும் நீங்கவில்லை. தகடு விரைந்தது, மனிதர் பழக்கம் விரையவில்லை. புகைப்பட நிலையத்துக்குச் செல்வது திருமணத்துக்குச் செல்வது போன்ற பெருநிகழ்ச்சியாக இருந்தது. தூணும் திரையும் தீட்டிய பின்னணிக்கு முன்னே நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "ஆடாதீர்கள், இமைக்காதீர்கள்" என்று ஒருவர் கட்டளையிட்டால், எவர் முகம்தான் மலரும்? படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் சிற்றூர்களில் நெடுங்காலம் இருந்தது.

ஆயின், தகடு மெதுவாக இயங்கிய அக்காலத்திலேயே உயிருள்ள முகங்களைப் பதித்தவர் சிலர் உளர். பாரிசு நகரில் வாழ்ந்த நாடார் என்பவர் அவருள் ஒருவர். (இப்பெயர் நம் நாட்டுப் பெயரன்று, துர்நாஷோன் என்பது அவர் குடும்பப் பெயர், நாடார் என்பது அவர் சூடிக்கொண்ட புனைபெயர்.) 1820இல் பிறந்த இவர், முதலில் கேலிச் சித்திரம் தீட்டிப் பிழைத்தார். ஒரு மனிதரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் கூறு எது என்று கண்டறிவதன்றோ கேலிச் சித்திரக்காரரின் தொழில்? அக்கண் அவருக்குப் புகைப்படத்திலும் பயன்பட்டது. தீட்டிய திரையும் தூணும் பூச்சாடியும் அவருடைய சிறந்த படங்களில் இல்லை. வெறும் பின்னணி, ஒரு புறமிருந்து வரும் ஒளி, எதிரே ஒரு மனிதர், அவ்வளவே. அவர் படமெடுத்த எழுத்தாளரும் இசைவாணரும் நடிகரும் பெரும்பாலும் அவருடைய நண்பர்கள். நண்பரோடு பேசிக்கொண்டிருப்பவர் முகத்தில் காணும் அமைதியே அப்படங்களில் காணப்படுகின்றது.

சூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையாரின் கதை இன்னும் சுவையானது. அவர் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகத் தந்த காமிராவைக் கொண்டு இக்கலையைக் கற்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் தென்பால் உள்ள வைட்டுத் தீவில் அவர் இல்லம் இருந்தது. கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக் கூடு படமெடுக்கும் கூடமாயிற்று. பேரறிஞர் ஹெர்ஷலையும் டார்வினையும், கவிஞர் டென்னிசனையும் அவர் படமெடுத்தார். வீட்டுப் பணிப்பெண்களையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் அதே அக்கறையோடு படமெடுத்தார். அவருடைய பெரிய தகடுகளுக்கு நெடுநேரம் ஒளி பட வேண்டியிருந்தது. அமர்ந்திருப்பவர் சற்றே அசைவர். முகத்தின் எல்லைக் கோடுகள் மங்கும். அக்காலத்துப் புகைப்படச் சங்கத்தார் அதனைக் குற்றமென்று ஏளனம் செய்தனர். அம்மையார் பொருட்படுத்தவில்லை. முகத்தின் ஒவ்வொரு மயிரும் தெளிவுறத் தெரிவது ஒருவகைத் திறமை. அம்முகத்துக்கு உரியவர் உள்ளத்தில் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று காண்போர் உணர்வது வேறுவகைத் திறமை. இரண்டாவதே அரிது என்பதில் ஐயமில்லை.

அவர் 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர்கள் குடும்பத்துக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறக்கும்வரை, களுத்துறைப் பகுதி மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். அக்காலத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர். எஞ்சியுள்ள அப்படங்கள் சிலவே. அவற்றுட் பலவற்றில் அமர்ந்திருப்பவர் பெயர் குறிக்கப்படவில்லை. டென்னிசன் மறுக்கலாம், முதலாளியின் மனைவியார் அழைத்தால் தோட்டத் தொழிலாளி மறுக்க இயலுமா? அம்முகங்களை உற்று நோக்குவோர் இவ்வினாவைத் தவிர்க்க முடிவதில்லை. இயல்பான தோற்றம் என்பது ஒளியாலும் வில்லையாலும் மட்டும் வருவதன்று. காமிராவுக்கு முன்னிருப்பவர்க்கும் பின்னிருப்பவர்க்கும் இடையேயுள்ள உறவையும் அது பொறுத்தது. ஐதராபாத்து நிசாமின் படக்கலைஞராக விளங்கிய இராஜா தீன்தயாள் இதனை அறிந்திருந்தார். திரைமறைவில் வாழ்ந்த மகளிருக்கென 1892இல் அவர் தனி நிலையம் ஒன்றைத் திறந்தபோது, அதனை நடத்தும் பொறுப்பைப் பெண்மணி ஒருவரிடமே ஒப்படைத்தார்.

இனி, சிரிப்பைப் பற்றி ஒரு செய்தி. டியூசேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், முகத் தசைகளில் மெல்லிய மின்சாரம் செலுத்தி அவற்றின் இயக்கத்தை ஆராய்ந்து, 1862இல் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். வாயின் கோடிகளை மேலே இழுக்கும் தசையை நாம் விரும்பியபோது இயக்கலாம். கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த தசையின் ஒரு பகுதியோ, உள்ளத்தில் மகிழ்ச்சி எழுந்தாலன்றி எளிதில் இயங்காது என்று அவர் கண்டார். படமெடுப்பவர் "சிரியுங்கள்" என்று கூறும்போது வாய் கீழ்ப்படிகின்றது, கண் கீழ்ப்படிவதில்லை. பத்து நொடி காத்திருந்தால் வாயும் சோர்ந்துவிடும். ஆகவே, சிரிப்பைக் கட்டளையிட்டுப் பெறலாகாது. சிரிக்கத்தக்க ஒன்று அங்கே நிகழ வேண்டும். அன்றேல், சிரிப்பில்லாத முகத்தையே அமைதியாக எடுத்தல் வேண்டும். உருவப்படம் என்றாலே பல் தெரிய வேண்டும் என்பது இக்காலத்தார் கற்பித்துக்கொண்ட சட்டம். பழைய விறைப்புக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

கனடா நாட்டில் வாழ்ந்த யூசுப் கார்ஷ் எடுத்த சர்ச்சில் படத்தைப் பலர் கண்டிருப்பர். 1941 டிசம்பர் 30ஆம் நாள், ஒட்டாவா நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டு வந்த பிரிட்டிஷ் தலைமை அமைச்சர், படமெடுக்கும் ஏற்பாட்டை முன்கூட்டி அறியாதவராய், ஒரே ஒரு படத்துக்கு மட்டும் இசைந்தார். வாயில் சுருட்டு இருந்தது. அதனை எடுத்துவிடுவார் என்று கார்ஷ் காத்திருந்தார்; அவர் எடுக்கவில்லை. கார்ஷ் அருகே சென்று, மன்னிப்பு வேண்டியவாறே, சுருட்டைத் தம் கையாலேயே எடுத்துவிட்டார்! திரும்பிக் காமிராவின் பக்கம் வந்தபோது, எதிரே சினங்கொண்ட சிங்கம் போன்ற முகம் நின்றது. அந்நொடியில் விசையை அழுத்தினார். போர்க்காலப் பிரிட்டனின் உறுதிக்கே அடையாளம் என்று உலகம் அப்படத்தைப் போற்றியது. 2016இல் வெளிவந்த ஐந்து பவுன் நாணயத்தாளிலும் அம்முகமே பொறிக்கப்பட்டது. சினம் தணிந்த சர்ச்சில் இன்னொன்று எடுத்துக்கொள்ள இசைந்து, புன்னகை பூத்த முகத்தோடும் நின்றார். அந்த இரண்டாம் படத்தை அறிந்தவர் மிகச் சிலரே. முகம் தன்னை மறந்த நொடி எது என்பதே இரண்டிலும் பொருள். எனினும், கற்போர் பிறர் வாயிலிருந்து எதையும் பறிக்க முயலாதிருப்பது நலம்.

தன்னை மறக்கச் செய்வதற்கு வேறு வழி கண்டவர் அமெரிக்காவில் வாழ்ந்த பிலிப் ஹால்ஸ்மன். அமைச்சரோ அறிஞரோ நடிகரோ, படமெடுத்து முடிந்ததும் எல்லாரையும் ஒரு முறை குதிக்கும்படி வேண்டினார். குதிப்பவர் கவனம் முழுதும் குதிப்பதிலேயே செல்லும். முகத்தைக் காக்கும் வேலையை அவர் கைவிட்டுவிடுவார் என்பது ஹால்ஸ்மனின் கருத்து. முடி துறந்த வின்ட்சர் கோமகனும் அவர் மனைவியாரும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்தனர். அப்படங்கள் 1959இல் நூலாக வந்தன. ஆன்றி கார்த்தியே பிரெசோன் என்னும் பிரெஞ்சுக் கலைஞரோ, ஜோலியோ கியூரி தம்பதியரைப் படமெடுக்கச் சென்றபோது, மணியை அடித்தார்; கதவு திறந்ததும் படமெடுத்தார்; அதன் பின்னரே வணக்கம் கூறினார். அது மரியாதையான செயலன்று என்று அவரே பின்னாளில் சொன்னார்.

இவ்வளவு துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று, வேண்டுவதும் அன்று. கற்பவர் முதலில் அறிய வேண்டுவது தொலைவு. முகத்துக்கு மிக அருகே காமிராவைக் கொண்டு சென்றால் மூக்கு பெருத்துத் தோன்றும். மூக்கு நுனிக்கும் செவிக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் உண்டு எனக் கொள்வோம். காமிரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் இருந்தால், செவி 42 செ.மீ. தொலைவில் இருக்கும்; செவியை நோக்க மூக்கு 1.4 மடங்கு பெருகிப் பதியும். காமிரா 150 செ.மீ. தள்ளி நின்றால் அம்மிகுதி நூற்றுக்கு 8 அளவே, கண்ணுக்குத் தெரியாது. இதனாற்றான், 35 மி.மீ. படச்சுருள் காமிராக்களில் 85 முதல் 105 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லைகளை உருவப்படத்துக்கு ஏற்றவை என்றனர்; தள்ளி நின்றாலும் அவை முகத்தைப் பெரிதாகக் காட்டும். கைப்பேசியின் வில்லை அகன்ற காட்சியைக் காண்பது. அதனைக் கொண்டு முகத்தை நிறைக்க வேண்டி அருகே செல்வோர், தம் நண்பரின் மூக்குக்குத் தீங்கு இழைக்கின்றனர். எட்டி நின்றால் அமர்ந்திருப்பவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

அடுத்தது ஒளி. நண்பகல் வெயிலில் கண்குழிகள் இருண்டு போகும். கண்கள் கூசிச் சுருங்கும். கூசும் கண்ணோடு எவரும் இயல்பாக இருத்தல் அரிது. மேனாட்டு ஓவியர் வடக்குச் சாளரத்தை நாடினர். அங்கெல்லாம் கதிரவன் ஆண்டு முழுதும் தென்பாலே செல்வதால், வடக்குச் சாளரத்தில் நேர்வெயில் விழுவது அரிது. தமிழ்நாட்டில் இவ்விதி முழுதும் பொருந்தாது. ஏப்பிரல் இறுதி முதல் ஆகஸ்டு முற்பகுதி வரை நண்பகற் கதிரவன் நம் உச்சிக்கு வடக்கே செல்கின்றான். அத்திங்கள்களில் வடக்குச் சாளரத்திலும் வெயில் புகும். நமக்கு அதனினும் சிறந்த இடம் திண்ணையே. மேலே கூரையின் நிழல். எதிரே திறந்த தெருவும் வானும். அங்கே அமர்ந்திருப்பவர் முகத்தில் மெல்லொளி தானே வந்து படியும். ஒரு கன்னம் மிக இருண்டால், அப்புறத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் விரித்துவிட்டாற் போதும். அது ஒளியைத் திருப்பித் தரும். வெள்ளைச் சுவரின் முன்னே நிறுத்தினால் காமிரா சுவரின் ஒளியைக் கணக்கிட்டு முகத்தைக் கறுக்கச் செய்துவிடும். ஆதலின், ஒளியளவை முகத்துக்கே கணிக்க வேண்டும். பழைய நிலையங்களில் மாமை நிற முகங்களைப் பென்சிலாலும் பூச்சாலும் வெளுக்கச் செய்தனர். இன்று கைப்பேசிகள் சில அதனைக் கேளாமலே செய்கின்றன. முகத்தின் நிறத்தைத் திருத்தும் உரிமை எவரும் அவற்றுக்கு அளித்ததில்லை.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளத்தக்கவை. எஞ்சியதே கடினம். காமிராவின் பின்னே முகத்தை மறைத்துக்கொண்டு பேசுபவரிடம் எவரும் மனம்விட்டுப் பேசார். முக்காலியில் காமிராவை நிறுத்திவிட்டு, அருகே நின்று, முகம் பார்த்துப் பேசுவது நன்று. பேச்சு படத்தைப் பற்றியதாக இருத்தல் ஆகாது. உழவரிடம் இவ்வாண்டு மழையைப் பற்றியும், மூதாட்டியிடம் அவர் பிறந்த ஊரைப் பற்றியும் கேட்டால், கண்ணில் ஒளி தானே ஏறும். கைகளுக்கு வேலை வேண்டும். வெறுங்கை எங்கே போவதென்று தெரியாமல் திகைக்கும்; அத்திகைப்பு தோள் வழியாக முகத்துக்கு ஏறும். பூத்தொடுப்பவர் கையில் நாரும், தச்சர் கையில் உளியும், பாட்டியார் கையில் வெற்றிலைப் பெட்டியும் இருந்தால் முகம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். குழந்தையைப் படமெடுப்பவர் தரையில் அமர்ந்து, காமிராவைக் குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும். "முடிந்தது" என்ற சொல்லைக் கேட்டதும் அமர்ந்திருப்பவர் பெருமூச்சு விடுவார், தோள் தளரும், அருகிலிருப்போரைப் பார்த்துச் சிரிப்பார். தேர்ந்தவர் அதுவரை காத்திருந்து இரண்டாம் முறை விசையை அழுத்துவர். சுருளுக்கும் தகட்டுக்கும் விலை கொடுத்த காலத்தில் இவ்விரண்டாம் படம் செலவாகத் தோன்றிற்று. இன்று அத்தடையும் இல்லை.

ஆயினும், படம் பெருகிய இக்காலத்திலும் பல இல்லங்களில் முதியவர் ஒருவருக்கென்று இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த ஒரே படமே. அரங்கில் வரிசையில் நின்று, பெயர் அழைக்கப்பட்டதும் அமர்ந்து, அரை நிமிடத்தில் எழுந்த முகம் அது. அவர் மறைந்த பின் வீட்டார் அதனையே பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை சூட்டுகின்றனர். மணிக்கணக்கில் கதை சொன்னவர், தாயம் ஆடும்போது காயை மறைத்து வைத்துச் சிரித்தவர், அப்படத்தில் இல்லை. அவரைக் காணாமற் பிறக்கும் கொள்ளுப்பேரர் அறியப்போவதோ அப்படத்தை மட்டுமே. கைப்பேசியில் தம் முகத்தை நாள்தோறும் பத்து முறை எடுத்துக்கொள்ளும் இளைஞர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்காக ஒதுக்கினால் இக்குறை தீரும். அப்போதும் அவர் இசைவைக் கேட்டே எடுக்க வேண்டும். "இன்று வேண்டாம்" என்றால், காமிராவை உள்ளே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதே முறை.

படம் எடுத்தபின் ஒரு சிறு வழக்கு எழும். படத்தைக் கண்டவர், "இது என்னைப் போலவே இல்லையே" என்பார். வீட்டாரோ, "அச்சாக நீங்களேதாம்" என்பர். இருவர் கூற்றும் மெய்யே. ஒருவர் தம் முகத்தை வாழ்நாள் முழுதும் கண்ணாடியில், இடம் வலம் மாறியதாகவே கண்டு பழகியவர். எந்த முகத்திலும் இரு பாதிகளும் முற்றும் ஒத்திரா; ஆதலின், மாறாத உருவம் அவருக்கு அயலாகத் தோன்றுகின்றது. 1977இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஒரே முகத்தின் நேர்ப்படத்தையும் கண்ணாடிப் படத்தையும் காட்டிக் கேட்டபோது, முகத்துக்கு உரியவர் கண்ணாடிப் படத்தையும், நண்பர் நேர்ப்படத்தையும் விரும்பும் போக்கைக் கண்டனர். ஆகவே, எப்படம் சிறந்தது என்ற தீர்ப்பை ஒருவரிடம் மட்டும் விடலாகாது. அமர்ந்தவர் தேர்ந்தது ஒன்றும், வீட்டார் தேர்ந்தது ஒன்றுமாக இரு படிகள் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் ஊரும் நாளும் எழுதிக் கொடுத்துவிட்டால் அவ்வழக்கும் தீரும்.